கொள்ளுப்பேத்தியின் கேள்வி

வளங்குன்றா வளர்ச்சியில் முதுகலைப் பட்டம் வாங்க வேண்டுமென்றால், நூறு வருடம் கழித்து வாழப்போகும் தன் கொள்ளுப்பேரப்பிள்ளையின் முன் உட்கார்ந்து ஆய்வேட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சேர்க்கையின்போது கதிரவேலும் மனைவி சுகிர்தாவும் கொடுத்த உமிழ்நீரை வைத்துக் கணினி ஒரு பெண்ணை உருவாக்கியிருந்தது. பிள்ளை பெறாமலே சுகிர்தா இறந்து பதினொரு மாதமாகிறது.

“ரெண்டு தடவை கோட்டை விட்டுட்டீங்க கதிர். பட்டம் வாங்கினதும் சேரவேண்டிய நைரோபி வேலை இனிமே உங்களுக்காகக் காத்திருக்காது. இன்னிக்காவது வாயைத் திறங்க,” என்றார் பேராசிரியர் ஹேமலதா.

“சரிங்க மேடம்.”

தேர்வறையின் திரையில் அவள் வந்தாள். இருபது வயதிருக்கும். மூக்கு அவனுடையது.

“மறுபடியும் நீங்கதானா தாத்தா?” என்று சிரித்தாள். “சரி, ஏரியைத் தூர்வாரணும்னு எழுதியிருக்கீங்க. கரையில இருக்கிற நாப்பது குடும்பம் எங்க போகும்?”

கேட்டுவிட்டு இடது புருவத்தை மட்டும் உயர்த்தினாள். அவன் சொல்வதை நம்பாதபோதெல்லாம் சுகிர்தா அப்படித்தான் உயர்த்துவாள்.

வடகரையில் அவர்களுக்கு வீடு கட்டிக்கொடுப்பதைப் பற்றி அவன் ஒரு அத்தியாயமே எழுதியிருந்தான். அதைச் சொன்னால் பட்டம் கிடைத்துவிடும். ஆனால் தேறியவர்களின் கொள்ளுப்பேரப்பிள்ளைகளைக் கணினியிலிருந்து அன்றைக்கே அழித்துவிடுவார்கள்.

“அதை நான் யோசிக்கலைம்மா.”

“என்ன தாத்தா நீங்க! போங்க, படிச்சிட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க.”

“வர்றேம்மா,” என்றான். திரை அணையும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.