மாமனார் ஒட்டிய டேப்

காரின் பழைய பல்பைக் கழற்றும்போதே விரல் முட்டியைக் கிழித்துக்கொண்டேன்.

பக்கத்தில் நின்ற மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு ரத்தம் வருகிறது என்று சொல்லிக்காட்டினால் மரியாதையாக இருக்காது என்று நினைத்திருப்பார்.

அவர் அப்படித்தான். நான் சமையலறைக் குழாயைச் சரிசெய்யப் போய் வீடெல்லாம் தண்ணீரானபோது, தரை நல்லா சுத்தமாயிடுச்சு என்றவர். ஃபேனைத் தலைகீழாகச் சுற்ற வைத்தபோது, இதுவும் ஒரு மாதிரி குளுகுளுன்னுதான் இருக்கு என்றார். இவர் வீட்டையே கொளுத்தினாலும் குளிருக்கு இதமா இருக்குன்னு சொல்வீங்கப்பா என்று என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

நாளைக் காலையில் நான் வேலைக்குக் கிளம்புகிறேன். நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை. அங்கே நான் ஸ்டோர் கீப்பர். நல்லவேளை, எதையும் ரிப்பேர் பண்ணச் சொல்ல மாட்டார்கள். ஆனால் போனால் நினைத்த நேரத்துக்குத் திரும்ப முடியாது.

மனைவிக்கு இது நிறைமாதம். எங்களுடன் இருப்பது மாமனார் மட்டும்தான். வலி எடுத்தால் அவர்தான் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பாதி வழி தெருவிளக்கே இல்லாத ரோடு.

நான் இருக்கேன், கவலைப்படாம போயிட்டு வாங்க என்று சொல்லிவிட்டார். கார் ஓட்டுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரே குறை, இந்தக் காரின் லைட்தான் ரொம்ப மங்கலாம். போன வாரம் கேட் தூணில் உரசியதும் அதனால்தானாம். தூணுக்கு அடித்திருக்கும் பெயின்டும் சரியில்லையாம்.

சரி, லைட்தானே என்று, பளிச்சென்று வெள்ளையாக எரியும் செனான் லைட் செட் வாங்கி வந்துவிட்டேன்.

புது பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது, எண்ணெய்ப் பசை பட்டால் சீக்கிரம் போய்விடும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் துணியில் சுற்றி எடுத்துப் பொருத்தினேன். டாக்டர்கூட இவ்வளவு ஜாக்கிரதையா இருக்க மாட்டாங்க என்று மனைவி ஜன்னலிலிருந்து கிண்டல் செய்துவிட்டு உள்ளே போனாள்.

பல்புகளோடு வந்த இரண்டு குட்டி டப்பாக்களைப் பேட்டரிக்குப் பக்கத்தில் இறுக்கிக் கட்டினேன். வயர்களை மாட்டினேன்.

மிச்சமிருந்தது வெளிச்சத்தின் உயரத்தைச் சரிபார்ப்பது. ரொம்ப மேலே அடித்தால் எதிரே வருகிறவனுக்குக் கண் கூசும். காரைச் சுவருக்கு நேராக நிறுத்தி, ஒவ்வொரு லைட்டின் வெளிச்சமும் சுவரில் எந்த உயரத்தில் முடிகிறதோ அந்த விளிம்பில் டேப் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

டேப்பை வாங்கிக்கொண்டு மாமனார் சுவரோரம் போய் நின்றார். பொழுது சாய்ந்திருந்தது. வராந்தா விளக்கு மட்டும் எரிந்தது.

லைட் போடுறேன் மாமா என்று சொல்லி ஸ்விட்சைத் தட்டினேன். இரண்டு பக்கமும் எரியவில்லை. என் கைராசி அப்படி.

"அடேயப்பா, பகல் மாதிரி இருக்கு மாப்பிள்ளை."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எரியாத லைட்டுக்கும் பாராட்டா? மனுஷன் இந்தத் தடவை எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டார். மனைவியைக் கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் டேப் கிழிக்கும் சத்தம் கேட்டது.

முகம் சுவரில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போயிருந்தார். ஒரு கையால் சுவரைத் தடவி, இல்லாத விளிம்பைத் தேடிக்கொண்டிருந்தார். பிறகு ஓர் இடத்தை முடிவு செய்து, கோணல் இல்லாமல் டேப்பை ஒட்டிக் கட்டைவிரலால் நீவிவிட்டார். நகர்ந்துபோய் அடுத்ததைக் கிழித்தார்.

மரியாதைக்காகப் பாராட்டலாம். மரியாதைக்காக யாரும் டேப் ஒட்ட மாட்டார்கள்.

லைட் போட்டுவிட்டதாக நான் சொன்னேன், அவர் நம்பிவிட்டார். தெரியாதது தன் கண்ணுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார். அதில் அவருக்கு ஆச்சரியம்கூட இல்லை. எத்தனை நாளாக இப்படிச் சமாளித்துக்கொண்டிருக்கிறாரோ, பாவம்.

காரை விட்டு இறங்கினேன். பானெட்டுக்குள் குனிந்துகொண்டேன். பார்த்தால் ஃபியூஸையே செருகவில்லை. அது என் சட்டைப்பையில் இருந்தது. யோசிக்காமல் எடுத்துச் செருகினேன். ஸ்விட்சை அணைக்காமல் விட்டது அப்புறம்தான் உறைத்தது.

லைட் எரிந்துவிட்டது. முதலில் நீலமாக வந்து, கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையாகிச் சுவரில் பரவியது. அவர் ஒட்டிய டேப் அந்த வெளிச்சத்துக்கு ஒரு முழம் மேலே இருந்தது.

இது அவருக்குத் தெரிந்தது. இரண்டாவது டேப்போடு உயர்ந்த கை அப்படியே நின்றது. இவ்வளவு நேரம் அவர் எதைப் பாராட்டினார் என்பது எங்கள் இருவருக்குமே புரிந்துபோயிற்று.

ஃபியூஸ் போட மறந்துட்டேன் மாமா, தப்பு என்னோடது என்றேன். எரிஞ்சிடுச்சா என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள். எரிஞ்சிடுச்சு என்றேன்.

அவர் டேப்பை நகத்தால் கிளப்பி, மெதுவாக உரித்து, உள்ளங்கையில் வைத்து உருட்டினார். என் பக்கம் திரும்பவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது, மகள் காதில் விழாத குரலில் கேட்டார்.

"என்னை நம்பி அவளை விட்டுட்டுப் போகாதீங்க மாப்பிள்ளை."