சேறு கரைந்த காலை

குளக்கரைப் பள்ளியில் எல்லாரும் மண்நிறத்தில்தான் வரவேண்டும் என்பது வெள்ளைவெளேரென்று இருந்த கொக்கு ஹெட்மாஸ்டர் போட்ட விதி. மைனாவுக்கும் சிட்டுக்குருவிக்கும் அது பிறவி நிறம். கிளி மட்டும் தினமும் சேறு பூசிக்கொண்டு நடந்து வருவாள். சேறு காய்ந்தால் சிறகு விரியாது. பறக்கவே மறந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

ஒருநாள் வழியில் பிடித்த மழையில் சேறெல்லாம் கரைந்து, பிரேயரில் பச்சைப்பசேலென்று வந்து நின்றாள்.

"வெளியே போ! இனிமேல் இந்தப் பக்கமே வராதே," என்றார் கொக்கு. "பச்சோந்தியைப் பார்த்துக் கத்துக்கோ. ஒருநாளாவது நிறம் பிசகியிருக்கானா?"

முதல் வரிசையில் மண்நிறமாக நின்றிருந்த பச்சோந்தி மெல்ல நகர்ந்து கிளியின் பக்கத்தில் போய் நின்றான். வாலிலிருந்து தலை வரை பச்சையானான்.

"டேய்! உன் பச்சோந்தி புத்தியைக் காட்டிட்டியே!"

"ஆமா சார். பக்கத்துல நிக்கிறவங்க நிறந்தான் எனக்கு எப்பவும். யார் பக்கத்துல நிக்கிறதுன்னு இன்னிக்குத்தான் நானா முடிவு பண்ணினேன்."

"அப்போ நீயும் போ!"

கிளி ஈரச் சிறகை உதறி விரித்தாள். "ஏறிக்கோடா," என்றாள். "வெளியே போகச் சொன்னாரே தவிர, நடந்துதான் போகணும்னு சொல்லலையே."