வீடு பார்க்க வந்தவர்கள்

மூன்று மணிக்கு வருவதாகச் சொன்ன ஃபிராவ் கெஸ்லர் சரியாக மூன்று மணிக்கு மணியை அடித்தார். யூகண்ட்அம்ற் என்கிற பிள்ளைகள் நல அலுவலகத்திலிருந்து வருகிறவர். அவர் பக்கத்தில் என் மகள் மிதுஷா.

கதவைத் திறந்த கையோடு சொன்னேன்: “வாங்கோ, வாங்கோ. ஏதோ கோழிக்கூடு மாதிரி ஒரு வீடு, குறை நினையாதேங்கோ.”

டொச்சில், ஜேர்மன் மொழியில்தான் சொன்னேன். எவ்வளவு மரியாதையாகச் சொன்னேன் தெரியுமா! எங்கட ஆட்கள் என்றால் “சும்மா இருங்கோ அண்ணை, வீடு நல்ல வடிவா இருக்கு” என்று வாயை அடைத்திருப்பார்கள். இவர் கொப்பியை எடுத்து எழுதினார்.

என் வாயில் சனி. பிள்ளையைத் திருப்பித் தரலாமா என்று பார்க்க வந்தவரிடம், வீடு கோழிக்கூடு என்று நானே வாக்குமூலம் கொடுத்துவிட்டேன்.

என் மனிசி செத்து நாலாம் மாதம் பிள்ளையை அந்த அலுவலகம் எடுத்துக்கொண்டது. எனக்கு விடிய நாலு மணிக்குப் பேக்கரியில் வேலை. ஆறு வயதுப் பிள்ளையை நித்திரையில் விட்டு, கதவைப் பூட்டிவிட்டுப் போவேன். ஏழு மணிக்கு ஓடிவந்து பள்ளிக்கூடம் கூட்டிப்போவேன். ஒருநாள் இடையில் எழும்பிக் குளறியிருக்கிறாள். பக்கத்து வீட்டார் பொலிசைக் கூப்பிட்டார்கள். வேறென்ன செய்வார்கள், பாவம்.

அது 2002இல். அன்றிலிருந்து மூன்று வருசமாக அவள் டொறத்தி என்ற வளர்ப்புத் தாயின் வீட்டில்.

இப்போது எனக்குப் பகல் வேலை. டொறத்தி வீட்டில் கண்டதையெல்லாம் வாங்கி வைத்திருந்தேன். வாசலில் கம்பளிச் செருப்பு, ஃபிரிட்ஜ் கதவில் படங்கள், மேசையில் ஆப்பிள் மணக்கிற மெழுகுதிரி. பட்டப்பகலில் மெழுகுதிரி கொளுத்தி வைத்த தமிழன் இந்தப் பீலெஃபெல்ட் நகரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

செருப்பு மிதுஷாவுக்குச் சின்னதாகிவிட்டது. குதி வெளியே நின்றது. மாதத்தில் ஒரு மணித்தியாலம் பார்க்கிறவனுக்குக் காலின் அளவு எப்படித் தெரியும்?

அவள் ஜக்கெற்றைக் கழற்றாமல் கதிரை நுனியில் இருந்தாள். டொய்லட்டுக்குப் போகலாமா என்று என்னிடம் டொச்சில் கேட்டாள். தகப்பன் வீட்டில் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? போய் வழியைக் காட்டினேன்.

ஃபிராவ் கெஸ்லர் அறை அறையாகப் பார்த்தார். புதுக் கட்டிலை அழுத்திப் பார்த்தார். கோழிக்கூடு என்று எழுதியதை வெட்டிவிட்டேன் என்று கொப்பியைக் காட்டிச் சிரித்தார். வீடு நல்ல வசதியாக, மனதுக்கு இதமாக இருக்கிறது, வீட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். இனி மிதுஷாவின் விருப்பம் என்றும் ஏதோ சொன்னார். சந்தோசத்தில் அது என் காதில் சரியாக ஏறவில்லை.

வெளிக்கிடும்போது மிதுஷா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தமிழில் சொன்னாள்: “அப்பா, போறன்.”

வாசலில் நின்று சொல்கிற சொல்லா அது? தாய் இருக்கும்போது எத்தனை தரம் திருத்தியிருப்பாள். மூன்று வருசம் டொச் கதைத்த பிள்ளை, மறந்துபோனாளாக்கும் என்று நினைத்தேன்.

“போறன் எண்டு சொல்லக்கூடாதம்மா. போட்டு வாறன் எண்டு சொல்லு.”

அவள் ஃபிராவ் கெஸ்லரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பொய் சொல்லக்கூடாதெண்டு மம்மா சொன்னவ.”

மம்மா என்றது டொறத்தியை.

ஃபிராவ் கெஸ்லர் நிலத்தைப் பார்த்தார். பிள்ளையின் விருப்பம் அவருக்கு முதலே தெரிந்திருக்கிறது.

“சரியம்மா,” என்றேன், “போ.”

வாசலில் வைத்து ஒருவருக்கும் நான் அப்படிச் சொன்னதில்லை.