ஓசிப் பிரதி

நர்மதா கீபோர்டில் வாசித்துப் பதிந்த இசையை அவளிடம் கேட்காமல் கொள்ளாமல் எடுத்து, கல்லூரிக் கலைவிழாவில் ஓடவிட்டு, தானே வாசிப்பதுபோல் விரலை ஆட்டிப் போன வருடம் கோப்பை வாங்கியவன் டெனிஸ். இந்த வருடம் அவள் தன் புது இசையை இணையத்தில் விலைக்கு வைத்தாள். “காசு குடுத்து எவன்டி பாட்டு வாங்குவான்?” என்று சிரித்தவன், ஏதோ ஓசித் தளத்திலிருந்து அதை இறக்கிக்கொண்டான். அங்கே ஏற்றி வைத்தவளே அவள்தான். எதையும் அவன் முழுசாகக் கேட்பதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

இந்த வருடக் கலைவிழா மேடையில் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தான். நடுவில் இசை சட்டென்று நின்றது. விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

“நிறுத்தாத டெனிஸ், வாசி!” என்று முதல் வரிசையிலிருந்து கத்தினாள் நர்மதா. அந்த மௌனம் எவ்வளவு நேரத்துக்கு என்று அவளுக்கு மட்டுமே தெரியும்.