ஊதா விரிப்பு

ஐரோப்பாவின் வடகடலோரச் சீலாந்தில் திங்கட்கிழமை என்றால் ஊரே துவைக்கிற நாள். கடலைத் தடுக்கும் மண்மேட்டின் அடியில், புல் முழுக்க வெள்ளைத் துணிகள் காய்கின்றன. யாக்கோமினா தன் படுக்கை விரிப்பை எடுக்கத்தான் கூடையோடு வந்தாள். ஆனால் பக்கத்து வீட்டு வெசல் படம் வரைந்துகொண்டிருக்கும்போது எட்டிப் பார்க்காமல் போக அவளால் முடியுமா? சட்டைக்குப் பித்தான் தைக்கத் தெரியாத அந்த மனிதன் அவள் விரிப்பைத்தான் வரைகிறான். அதுவும் ஊதா நிறத்தில்.

"ஏம்ப்பா, நீலம் போட்டு மூணு தண்ணி அலசினது. இப்படி வரைஞ்சா எனக்குத் துவைக்கத் தெரியலன்னு ஊரு சிரிக்காதா?"

"வெள்ளைதாங்க. மேகம் கவிஞ்சா இப்படித்தான் ஆவுது. நீங்களே பாருங்க. பத்து நிமிஷம் மட்டும் எடுத்துடாதீங்க, இந்த வெளிச்சம் திரும்ப வராது."

"அதுக்குள்ள மழை வந்து சேறு தெறிக்கும். மறுபடி துவைக்கிறவ நீயா?"

முணுமுணுத்தபடி திரும்புகிறாள். கடல்மேல் மேகம் கறுத்து இறங்கியிருக்கிறது. அதன் கீழே விரிப்பு ஊதாவாகத்தான் கிடக்கிறது, மடிப்புகளில் புல்லின் பச்சை ஏறியிருக்கிறது. நாற்பது வருஷம் துவைத்தவள் அதை இன்றுதான் பார்க்கிறாள். மற்றப் பெண்கள் மரச்செருப்பு தடதடக்க ஓடிவந்து தங்கள் துணிகளை வாரிக்கொண்டு போகிறார்கள். வெசலின் தூரிகை நிற்கவில்லை. முதல் துளி விழுகிறது. யாக்கோமினா கூடையைக் கீழே போட்டுவிட்டு, இடுப்பில் முன்பக்கமாகக் கட்டியிருந்த வேலைத்துணியை அவிழ்த்து, படத்துக்கு மேல் கூரைபோல விரித்துப் பிடிக்கிறாள்.

"சீக்கிரம் ஆகட்டும்," என்கிறாள். "அந்த மூலையில ஊதா பத்தல பாரு."