நாலு கிலோ

"கேக் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போகட்டும். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டு ஓடுறார், கேப்டன்! மனசுல என்னதான் நினைச்சுக்கிட்டிருக்கார் இந்த மனுஷன்?"

இன்ஜினியர் பெண் போட்ட சத்தத்தில் மீட்பு ஹெலிகாப்டர் நிற்கும் கொட்டகையே அதிர்ந்தது.

அந்த மனுஷன், கயிற்றில் தொங்கிக் கடலில் இறங்கி, தத்தளிப்பவர்களைத் தூக்கி வருபவர். ஆளின் ஆகிருதிக்கு ஏற்றபடி 'மலை அண்ணன்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

அவள் உருவாக்கிய புதுக் கேமரா, கும்மிருட்டுக் கடலிலும் உடம்புச் சூட்டை வைத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஒரே ஒரு சிக்கல். அதை மாட்டி, ஹெலிகாப்டரை ஓட்டும் கேப்டன், மலை அண்ணன், அவள் என்று மூன்று பேரும் ஏறி உட்கார்ந்தால், அனுமதித்த எடையைவிட நாலு கிலோ கூடுதல்.

அடுத்த மாதக் கடைசியில் மேலதிகாரி முன்னால் எடை பார்ப்பார்கள். அதற்குள் நாலு கிலோ குறையாவிட்டால் கேமரா பெட்டிக்குள் போய்விடும். அவளுடைய இரண்டு வருட உழைப்பும்தான்.

அவள் எதைக் கழற்றப் போனாலும் மலை அண்ணன் குறுக்கே நின்றார்.

"ரெண்டு போர்வையை எடுத்துடலாமா அண்ணே?"

"நனைஞ்சு நடுங்கிக்கிட்டு வர்றவனுக்கு எதைப் போர்த்துவே? உன் கேமராவையா?"

"அந்த மடக்கு ஸ்ட்ரெச்சர்?"

"அதுல கை வைக்காதே."

"அப்ப எதைத்தான் இறக்குறது? நீங்களே சொல்லுங்க!"

அவர் விருட்டென்று எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜைப் பக்கமே தலைகாட்டவில்லை. அவள் அம்மா செய்து கொடுத்தனுப்பும் கேக்கைத் தொடவில்லை. கூட்டம் என்று கூப்பிட்டால் ஓடுபாதைப் பக்கமிருந்து வியர்க்க விறுவிறுக்க வந்து நிற்பார்.

"பொறாமை, கேப்டன், பச்சைப் பொறாமை! இத்தனை நாள் இவர் கண்ணுதான் ஆளைக் கண்டுபிடிச்சுது. இனிமே என் கேமரா கண்டுபிடிச்சுடுமேன்னு வயித்தெரிச்சல்!"

சொல்லிக்கொண்டே, அவருக்கு எடுத்து வைத்த துண்டையும் ஆத்திரத்தில் அவளே தின்று தீர்த்தாள். தினமும் இதே கதைதான்.

"இருக்கும், இருக்கும்" என்றார் கேப்டன், பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு.

எடை பார்க்கும் நாளும் வந்தது. ஹெலிகாப்டரில் ஒரு திருகாணிகூடக் குறைந்திருக்கவில்லை. பிறகு ஆட்கள் ஒவ்வொருவராக எடை மெஷினில் ஏறினார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"சரியா இருக்கு. கேமராவோட பறக்கலாம்" என்றார் மேலதிகாரி.

"எப்படி சார்? எதையுமே கழட்டலையே! மெஷின் கெட்டுப்போச்சா?"

மலை அண்ணன் மெஷினிலிருந்து இறங்கினார், நழுவும் பேண்டை ஒரு கையால் பிடித்தபடி.

"ஹெலிகாப்டர்ல கழட்ட ஒண்ணும் இல்லேம்மா. என்கிட்டதான் இருந்துச்சு. உங்க அம்மா கேக் முன்னாடி ஒரு நிமிஷம் நின்னா என் வைராக்கியம் காலி. அதான் உன்னைப் பார்த்தாலே ஓடினேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எனக்காக நாலு கிலோ குறைச்சீங்களா அண்ணே?"

"நாலா?" கேப்டன் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆறும்மா! அவர் பங்கு கேக்கையும் சேர்த்துத் தின்னு நீ ஏத்தின ரெண்டு கிலோவையும் யார் இறக்குறது?"