வேர்க்காத பிள்ளை

ஊசி இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மீட்டரில் பூஜ்யத்தைத் தாண்டி, அதற்கும் கீழே. காரின் ஏசிக் குழாய்களுக்குள் இருந்த காற்றையும் ஈரத்தையும் அந்தச் சின்ன பம்ப் உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒரே சீரான இரைச்சல். தூக்கம் வருகிற இரைச்சல்.

கண்ணை மூடினால் அது கடல்.

மூடக் கூடாது.

கையிலிருந்த பாட்டிலை அழுத்தினாள். இஸ்திரி போடும்போது துணிக்குத் தெளிக்கிற பாட்டில். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகளின் முகத்தில், கழுத்தில், பனியன் மேல் நீர் தூவியது.

"இன்னும்," என்றாள் இலக்கியா.

அவளுக்கு வேர்க்காது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். வேர்வை வருகிற வழியே அந்த உடம்பில் இல்லை. வெயில் ஏறினால் மேல் கொதிக்கும். அப்புறம் கண் செருகும். அதனால்தான் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன்னால் கார் வந்தது. பழைய கார். ஏசி ஓடினால் போதும் என்று வாங்கியது.

கடல் பார்க்கணும் என்று பிள்ளை கேட்டாள். வேறெதையும் இதுவரை கேட்டதில்லை, பாவம். இருட்டோடு கிளம்பினார்கள்.

வேலூரையே தாண்டவில்லை. பானட்டுக்குள் கடகடவென்று ஒரு சத்தம். பிறகு உள்ளே வந்ததெல்லாம் சூடான காற்று. நல்ல வேளை, பைபாஸ் ஓரத்திலேயே ஜாபர் பாயின் ஏசி ஒர்க்‌ஷாப் இருந்தது. வீடும் பின்னாலேயே. பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து பார்த்தார்.

"கம்ப்ரசர் ஜாம் ஆயிட்ச்சும்மா. வேற போடணும்."

போட்டார். பழையதைக் கழற்றிப் புதியதை ஏற்றி, குழாய்களை முடுக்குவதற்குள் சூரியன் புளியமரத்துக்கு மேலே வந்துவிட்டான்.

வீட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆட்டோவில் போனால் பக்கம்தான். அதைச் சொன்னபோது இலக்கியா அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. சரி என்று தலையை ஆட்டினாள். எப்போதும் ஆட்டுவதைப் போலவே.

அந்தத் தலையாட்டலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பாய் குனிந்து ஒரு வால்வைத் திருகினார். கழுத்தில் வேர்வை வழிந்தது. இலக்கியா கண் கொட்டாமல் பார்த்தாள். அவர் நிமிர்ந்து, புறங்கையால் நெற்றியை வழித்துச் சுண்டிவிட்டார்.

"ஸப்பா... இன்னா வெயிலு!"

பிள்ளை சிரித்துவிட்டாள்.

"அங்கிள், அது எப்டி இருக்கும்?"

"எதும்மா?"

"வேர்க்கறது."

பாய் புரியாமல் அம்மாவைப் பார்த்தார். பிள்ளைக்கு வேர்க்காது என்று அவள் சொன்னாள்.

பாயின் முகம் மாறிவிட்டது. வீட்டுக்குள் போனார். மேசை ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து பிள்ளைக்கு நேரே வைத்தார். பிறகு நேராகப் பம்பிடம் போய் ஸ்விட்சில் கை வைத்தார்.

"இது போதும்மா. கேஸ ஏத்திடறேன். புள்ள காயுது."

அவளுக்கும் அதுதான் ஆசை. சரி என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"இப்பவே ஏத்தினா என்ன ஆகும் பாய்?"

"உள்ள ஈரம் தங்கிச்சுன்னா ஐஸ் கட்டிக்கும். சில வண்டிக்கு ஒண்ணும் ஆவாது. சிலது பாதி வழியில நின்னுடும்."

போன கோடையிலும் இப்படித்தான். ஸ்கூலுக்கு நேரமாகிறது என்று வேறொரு கடையில் கேஸை மட்டும் அடித்துக்கொண்டு போனாள். அந்த அவசரம்தான் இப்போது பழைய கம்ப்ரசராக எண்ணெய்க் கறையோடு தரையில் செத்துக் கிடக்கிறது.

பைபாஸைப் பார்த்தாள். நிழலே இல்லாத ரோடு. கடல் வரைக்கும் அப்படித்தான் இருக்கும்.

"ஓடட்டும் பாய். முழுசா ஓடட்டும்."

குழாயடிக்குப் போய் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

வேடிக்கைதான். காருக்கு உள்ளே ஒரு துளி ஈரம் இருக்கக் கூடாது. பிள்ளைக்கு மேலே ஈரம் காயக் கூடாது. நடுவில் இவள், பாட்டிலும் கையுமாக.

பம்ப் ஓடியது. லாரிகள் போயின. இரைச்சலோடு இரைச்சலாக ஓர் அலை வந்து இலக்கியாவின் கணுக்காலை நனைத்தது. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் கத்தினாள். காற்று குளிர்ந்திருந்தது. மணலில் யார் மேலும் வெயில் இல்லை.

"அம்மா, தண்ணி."

திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து பாட்டிலை அழுத்தினாள்.

பாய் பம்பை நிறுத்தினார். இனி ஊசி நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அசைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். அசைந்தால் கடல் இல்லை.

மூன்று பேரும் பார்த்தார்கள்.

பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அசையவில்லை.

கேஸ் ஏறியது. வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார் பாய். டக் என்று கம்ப்ரசர் பிடித்துக்கொண்டது. டேஷ்போர்டில் கையை வைத்துக் காத்திருந்தாள். முதலில் வெறும் காற்று. அப்புறம் லேசாக. அப்புறம், அம்மாடி, என்ன குளிர்! அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏறுடி கண்ணு, ஓடி வா. வெயில் ஏறுது."

யாரும் வரவில்லை.

இறங்கிப் பார்த்தாள். இலக்கியா காருக்குப் பக்கத்தில், நிழலில் குந்தியிருந்தாள். வண்டிக்கு அடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொட்டாக, சிமென்ட் தரையில்.

"அம்மா! காருக்கு வேர்க்குது!"

பாய் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

இலக்கியா உள்ளங்கையை நீட்டினாள். குழி நிறையும் வரை பொறுமையாக இருந்தாள். அதை நெற்றியில் பூசினாள். மீதியைக் கழுத்தில். அது வழிந்து இறங்கும் வரை அசையவில்லை.

பிறகு எழுந்து, புறங்கையால் நெற்றியை வழித்துச் சுண்டிவிட்டாள்.

"ஸப்பா... இன்னா வெயிலு!"

கார்க் கதவு திறந்து கிடந்தது. குளிரெல்லாம் வீணாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

அம்மா சாத்தவில்லை.